ஆப்பில் பிறந்த தேதி ஒரு நாள் குறைவது ஏன்? டெவலப்பர்களைச் சுற்றலில் விடும் ஐந்தரை மணி நேரம்

கடன் ஆப் ஒன்றில் உங்கள் பிறந்த தேதியை 15 ஆகஸ்ட் 1998 என்று பதிவு செய்கிறீர்கள். திரையில் சரியாகத்தான் தெரிகிறது. மறுநாள் மெயிலில் வரும் பிடிஎஃப் ஒப்பந்தத்தில் 14 ஆகஸ்ட் 1998 என்று இருக்கிறது. பான் கார்டில் உள்ள தேதியோடு பொருந்தவில்லை என்று கேஒய்சி நின்றுவிடுகிறது. கஸ்டமர் கேரில் கேட்டால், "நீங்கதான் தப்பா டைப் பண்ணியிருப்பீங்க" என்கிறார்கள்.

நீங்கள் தப்பாக டைப் செய்யவில்லை. உங்கள் பிறந்தநாள் போனிலிருந்து சர்வருக்குப் போகும் வழியில் ஐந்தரை மணி நேரத்தை இழந்திருக்கிறது. நள்ளிரவு 12 மணியிலிருந்து ஐந்தரை மணி நேரத்தைக் கழித்தால் முந்தைய நாள் மாலை 6:30. தேதியும் அதோடு மாறிவிடும்.

இது சின்ன விஷயம் மாதிரி தெரியலாம். ஆனால் வயது, வட்டி, காப்பீடு, நிதியாண்டு, மருந்து வேளை என்று நாம் நம்பியிருக்கும் பல கணக்குகள் தேதியில்தான் நிற்கின்றன. இந்தப் பிழை எங்கிருந்து வருகிறது, கோடு எழுதுபவர்கள் எப்படித் தவிர்க்கலாம், எழுதாதவர்கள் எப்படிக் கண்டுபிடிக்கலாம்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அந்த 5:30 எங்கிருந்து வந்தது?

பூமி 24 மணி நேரத்தில் 360 டிகிரி சுற்றுகிறது. அதாவது ஒரு மணி நேரத்துக்கு 15 டிகிரி. இந்திய நேரம் கிழக்குத் தீர்க்கரேகை 82.5 டிகிரியை அடிப்படையாகக் கொண்டது. உத்தரப் பிரதேசத்தின் மிர்சாபூர் பக்கம் போகும் கோடு அது. 82.5ஐ 15ஆல் வகுத்தால் 5.5 வரும். அதனால்தான் உலகப் பொது நேரமான யூடிசியைவிட நாம் 5 மணி 30 நிமிடம் முன்னால் இருக்கிறோம்.

இந்த நேரம் நடைமுறைக்கு வந்தது 1906 ஜனவரி 1 அன்று. அதற்கு முன்பு ரயில்வே 'மெட்ராஸ் நேரத்தை'ப் பின்பற்றியது. பம்பாயும் கல்கத்தாவும் 1906க்குப் பிறகும் பல ஆண்டுகள் தங்கள் சொந்த நேரத்தையே வைத்திருந்தன. இன்று நாடு முழுவதற்கும் ஒரே நேரம். அதைப் பராமரிப்பது டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம்.

கம்ப்யூட்டர்கள் நேரத்தை வேறு மாதிரி எண்ணுகின்றன. 1970 ஜனவரி 1, யூடிசி நள்ளிரவிலிருந்து எத்தனை விநாடிகள் கடந்தன என்ற ஒரே எண்தான் பெரும்பாலான சிஸ்டம்களின் அடித்தளம். இந்த எண்ணில் ஊர், நாடு எதுவும் கிடையாது. அதைச் சென்னை நேரமாகவோ லண்டன் நேரமாகவோ மாற்றிக் காட்டுவது கடைசிக் கட்ட வேலை. அந்த மாற்றத்தை எங்கே, எப்போது செய்கிறோம் என்பதில்தான் பிழைகள் நுழைகின்றன.

'18:30' என்ற தடயம்

டேட்டா ஃபைல்களைத் திறந்து பார்ப்பவர்களுக்கு ஒரு டிப்ஸ். தேதி இருக்க வேண்டிய காலத்தில் 2024-08-14, 18:30:00 என்று வரிசையாக எல்லா வரிகளிலும் 18:30 தெரிகிறதா? கடைசியில் யூடிசியைக் குறிக்கும் 'இசட்' எழுத்து இருக்கிறதா? அப்படியென்றால் அது ஆகஸ்ட் 14 இல்லை, ஆகஸ்ட் 15.

இந்தியாவில் யாரோ ஒருவர் வெறும் தேதியை மட்டும் கொடுத்திருக்கிறார். சாஃப்ட்வேர் அதற்கு "நள்ளிரவு 12 மணி" என்று ஒரு நேரத்தைத் தானாகச் சேர்த்து, யூடிசிக்கு மாற்றிச் சேமித்துவிட்டது. பிறகு யாரோ நேரப் பகுதியை வெட்டிவிட்டுத் தேதியை மட்டும் எடுத்தால், சுதந்திர தினம் ஒரு நாள் முன்பே வந்துவிடும்.

இதற்கு நேர் எதிரான பிழையும் உண்டு. ஜாவாஸ்கிரிப்டில் '1998-08-15' என்ற தேதியை மட்டும் கொடுத்தால், 'டேட்' அதை யூடிசி நள்ளிரவாக எடுத்துக்கொள்ளும். இந்தியாவில் அது காலை 5:30 ஆகிறது. தேதி மாறாது. அதே பக்கத்தை நியூயார்க்கில் திறந்தால் முந்தைய நாள் தெரியும். பெங்களூரில் உட்கார்ந்து எவ்வளவு டெஸ்ட் பண்ணினாலும் இது மாட்டாது. புகார் வெளிநாட்டு வாடிக்கையாளரிடமிருந்துதான் வரும்.

எல்லா நேரமும் ஒரே வகை இல்லை

"எல்லாவற்றையும் யூடிசியில் சேமி" என்பது டெவலப்பர்களுக்குச் சொல்லித் தரப்படும் முதல் விதி. அது பாதி உண்மைதான். ஆப்களில் வரும் நேரங்களை மூன்று வகையாகப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலான குழப்பம் தீர்ந்துவிடும்.

ஒன்று: நடந்து முடிந்த கணம். பணம் அனுப்பிய நேரம், லாகின் செய்த நேரம், விபத்து பதிவான நேரம்.
இரண்டு: வெறும் தேதி. பிறந்தநாள், அரசு விடுமுறை, பாலிசி காலாவதி நாள்.
மூன்று: வரப்போகும் உள்ளூர் நேரம். அடுத்த மாத மீட்டிங், டாக்டர் அப்பாயிண்ட்மென்ட், காலை மாத்திரை.

யூடிசி விதி முதல் வகைக்கு மட்டுமே முழுமையாகப் பொருந்தும். மற்ற இரண்டுக்கும் அதை அப்படியே போட்டால், மேலே பார்த்த மாதிரி பிழை வரும்.

வகை 1: நடந்து முடிந்த கணம்

இதை யூடிசியில் சேமியுங்கள். காட்டும்போதும், நாள் வாரியாகக் கணக்கிடும்போதும் உள்ளூர் நேரத்துக்கு மாற்றுங்கள். இரண்டாவது பாதியைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

உதாரணம்: ஏப்ரல் 1, அதிகாலை 1 மணிக்கு ஓர் ஆன்லைன் கடையில் விற்பனை நடக்கிறது. யூடிசியில் அது மார்ச் 31, இரவு 7:30. ரிப்போர்ட் யூடிசி தேதியை வைத்துத் தொகுத்தால், அந்த விற்பனை போன நிதியாண்டில் போய் விழும். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி நள்ளிரவு முதல் காலை 5:30 வரை நடந்த பில்கள் எல்லாம் முந்தைய மாதக் கணக்கில் சேரும். ஜிஎஸ்டி கணக்கோடு ஒப்பிடும்போது "எங்கேயோ கொஞ்சம் உதைக்குதே" என்று அக்கவுண்ட்ஸ் டீம் தலையைப் பிய்த்துக்கொள்ளும். மாத மொத்தத்தில் வித்தியாசம் சின்னதாக இருப்பதால் உடனே கண்ணில் படாது.

செய்திக்கான டேட்டாவிலும் இதே ஆபத்து உண்டு. புத்தாண்டு அதிகாலை 1 மணிக்கு நடந்த விபத்து, யூடிசியில் டிசம்பர் 31 இரவு 7:30 என்று தெரியும். மாற்றாமல் வரைபடம் போட்டால், நள்ளிரவுக் கொண்டாட்டத்துக்குப் பிறகு நடந்த விபத்துகள் முந்தைய நாள் மாலை டிராஃபிக் கணக்கில் சேர்ந்துவிடும். போலீஸ் ரோந்தை எந்த நேரத்தில் கூட்ட வேண்டும் என்ற முடிவே தப்பாகப் போகலாம்.

வகை 2: வெறும் தேதி

உங்கள் பிறந்தநாளுக்கு நேர மண்டலம் கிடையாது. நீங்கள் சிங்கப்பூரில் இருந்தாலும் துபாயில் இருந்தாலும் பாஸ்போர்ட்டில் அதே தேதிதான். எனவே அதற்கு நேரத்தை ஒட்டவே கூடாது. டேட்டாபேஸில் 'டேட்' வகைக் காலத்தில் வைக்க வேண்டும். போனுக்கும் சர்வருக்கும் இடையே அனுப்பும்போது 1998-08-15 என்று வெறும் எழுத்துகளாக அனுப்பினால் போதும். ஆண்டு, மாதம், நாள் என்ற இந்த வரிசை ஐஎஸ்ஓ 8601 தரம். இதில் இன்னொரு லாபமும் உண்டு. 05/08 என்று எழுதினால் இந்தியாவில் ஆகஸ்ட் 5, அமெரிக்காவில் மே 8. ஐஎஸ்ஓ வரிசையில் அந்தக் குழப்பம் வராது.

"பிறந்த தேதியை நள்ளிரவு யூடிசியாக மாற்றி வைக்கிறோம், திரும்ப எடுக்கும்போது 5:30 கூட்டிவிடுகிறோம், சரியாகத்தானே வருகிறது?" என்று கேட்கலாம். பெரும்பாலும் சரியாக வரும். தாத்தா பாட்டிகளுக்குத்தான் உதைக்கும்.

இரண்டாம் உலகப் போரின்போது, 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை, இந்தியாவில் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்தப்பட்டிருந்தன. அப்போது யூடிசிக்கும் நமக்கும் வித்தியாசம் 6:30. நல்ல லைப்ரரிகளுக்கு இந்த வரலாறு தெரியும். அவை 1943 ஜூன் 10 நள்ளிரவை ஜூன் 9 மாலை 5:30 யூடிசி என்று மாற்றும். வேறொரு புரோகிராம் கண்ணை மூடிக்கொண்டு 5:30 கூட்டினால் ஜூன் 9 இரவு 11 மணி வரும். அந்த ஆண்டுகளில் பிறந்த ஓய்வூதியதாரரின் பிறந்த தேதி ஒரு நாள் குறைந்துவிடும். வெறும் தேதியாக வைத்திருந்தால் இந்தக் கணக்கே தேவையில்லை.

வகை 3: வரப்போகும் உள்ளூர் நேரம்

இந்தியாவில் வளர்ந்தவர்களுக்குக் கடிகாரத்தை ஆண்டுக்கு இரண்டு முறை மாற்றும் பழக்கம் தெரியாது. நமக்கு 5:30 என்றால் வருஷம் முழுக்க 5:30தான். அமெரிக்காவின் பெரும்பாலான பகுதிகளில் மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் போகும். நவம்பர் முதல் ஞாயிறு திரும்ப வரும். பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும்.

நியூயார்க் கிளையன்ட்டோடு ஒவ்வொரு திங்கட்கிழமையும் அங்கே காலை 9 மணிக்கு மீட்டிங் என்று வைத்துக்கொள்வோம். 2026 மார்ச் 2 அன்று நமக்கு அது இரவு 7:30. மார்ச் 9 அன்று மாலை 6:30. காலண்டர் ஆப் இந்த மீட்டிங்கை "ஒவ்வொரு வாரமும் யூடிசி 14:00" என்று சேமித்திருந்தால், மார்ச் 9 அன்று கிளையன்ட் 9 மணிக்கு வந்து காத்திருப்பார். நீங்கள் ஒரு மணி நேரம் கழித்துப் போவீர்கள்.

கோடைகால மாற்றத்தின் தேதிகளும் நிரந்தரம் இல்லை. எகிப்து 2023 மார்ச்சில் அறிவித்து, ஏப்ரல் கடைசியில் கோடைகால நேரத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. அறிவிப்புக்கு முன்பு, மே மாதம் கெய்ரோவில் காலை 10 மணிக்கு ஓர் அப்பாயிண்ட்மென்ட்டைப் பதிவு செய்து, அதை யூடிசி 8 மணி என்று சேமித்திருந்தால், புதிய விதிப்படி அது 11 மணியாகக் காட்டும். டாக்டர் 10 மணிக்குத்தான் இருப்பார்.

அதே மார்ச்சில் லெபனான் அரசு, கடிகாரத்தை மாற்றும் நாளைக் கடைசி நேரத்தில் தள்ளிவைத்தது. சில அமைப்புகள் ஏற்க மறுத்தன. சில நாட்கள் ஒரே நாட்டில் இரண்டு நேரம் ஓடியது. பிறகு அரசே முடிவைத் திரும்பப் பெற்றது.

எனவே வரப்போகும் நிகழ்வுக்கு மூன்றையும் சேமியுங்கள்: உள்ளூர் தேதி, உள்ளூர் நேரம், நேர மண்டலத்தின் பெயர். யூடிசி நேரத்தை வேண்டுமானால் தேடுவதற்கு வசதியாகக் கூடவே வைக்கலாம். விதி மாறினால் அதை மறுபடி கணக்கிட வேண்டும்.

மாத்திரை நினைவூட்டலில் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. கோடையில் நியூயார்க்கில் உள்ள மகளைப் பார்க்கப் போன அம்மாவின் போனில் "காலை 8 மணி மாத்திரை" இந்திய நேரப்படியே அடித்தால், அங்கே இரவு 10:30. உள்ளூர் நேரப்படி மாறினால், இரண்டு வேளைகளுக்கு நடுவே இடைவெளி ஒருமுறை மட்டும் கூடும். எது சரி என்று கோடு முடிவு செய்யக் கூடாது. மருந்தைப் பொறுத்து டாக்டர் சொல்ல வேண்டியது அது. ஆப் செய்ய வேண்டியது, நேர மண்டலம் மாறியதைக் கவனித்து அம்மாவிடம் கேட்பது.

'பிளஸ் 5:30' என்று எழுதினால் போதாதா?

போதாது. பிளஸ் 5:30 என்பது ஒரு குறிப்பிட்ட கணத்தில் யூடிசியிலிருந்து உள்ள தூரம் மட்டுமே. நேர மண்டலம் என்பது அந்த ஊரின் நேர விதிகளின் முழு வரலாறு. பக்கத்து நாடான இலங்கையையே பாருங்கள். 1996 மே மாதம் 5:30இலிருந்து 6:30க்குப் போனது. அதே ஆண்டு அக்டோபரில் 6:00 ஆனது. 2006 ஏப்ரலில் மீண்டும் 5:30க்கு வந்தது. கொழும்பிலிருந்து வந்த 2001ஆம் ஆண்டின் பதிவு ஒன்றை இன்றைய 5:30ஐ வைத்துப் படித்தால் அரை மணி நேரம் தப்பும்.

இந்த வரலாறு முழுவதையும் தொகுத்து வைத்திருப்பதுதான் 'டிஇசட் டேட்டாபேஸ்'. 1980களில் ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கியது. இன்று ஐயானா அமைப்பின் கீழ் வெளியாகிறது. போன், சர்வர், புரோகிராமிங் மொழிகள் எல்லாம் பெரும்பாலும் இதைத்தான் நம்பியிருக்கின்றன. நாடுகள் விதியை மாற்றும்போது இதுவும் ஆண்டுக்குச் சில முறை அப்டேட் ஆகும். சர்வரை ஆண்டுக்கணக்கில் அப்டேட் பண்ணாமல் விட்டால் பழைய விதிகளே ஓடிக்கொண்டிருக்கும்.

இதில் இந்தியா முழுவதற்கும் ஒரே பெயர்: ஏசியா/கொல்கத்தா. சென்னை, டெல்லி, மும்பை தனியாக இல்லை. 'ஏசியா/கல்கட்டா' என்ற பழைய பெயரும் செல்லும். சில பிரவுசர்கள் இன்னும் அதையே தருகின்றன. இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளும்படி கோடு எழுதுங்கள்.

'ஐஎஸ்டி' என்ற மூன்று எழுத்துச் சுருக்கத்தை மட்டும் கோடில் பயன்படுத்தாதீர்கள். நமக்கு அது இந்திய நேரம். இஸ்ரேலுக்கும் அயர்லாந்துக்கும் அதே சுருக்கம்தான்.

டேட்டாபேஸும் மொழிகளும்: எங்கே கவனம் தேவை?

போஸ்ட்கிரெஸ்: 'டைம்ஸ்டாம்ப் வித் டைம் ஸோன்' என்ற பெயரைப் பார்த்து, நேர மண்டலத்தையும் சேமிக்கும் என்று நினைக்காதீர்கள். யூடிசிக்கு மாற்றிவிட்டு மண்டலத்தை மறந்துவிடும். மூன்றாம் வகை நேரத்துக்கு மண்டலத்தின் பெயரைத் தனிக் காலத்தில் வைக்க வேண்டும்.

மைஎஸ்கியூஎல்: 'டைம்ஸ்டாம்ப்' யூடிசிக்கு மாற்றிச் சேமிக்கும். 'டேட்டைம்' கொடுத்ததை அப்படியே வைத்துக்கொள்ளும். இரண்டையும் கலந்து பயன்படுத்தும் டேபிள்களில் ஐந்தரை மணி நேரம் காணாமல் போவது சகஜம்.

ஜாவா: ஜாவா 8இல் வந்த 'ஜாவா டைம்' தொகுப்பில் மூன்று வகைக்கும் தனித்தனி வகுப்புகள் உள்ளன. முதல் வகைக்கு 'இன்ஸ்டன்ட்', இரண்டாம் வகைக்கு 'லோக்கல்டேட்', மூன்றாம் வகைக்கு 'ஸோன்ட்டேட்டைம்'.

பைத்தான்: மண்டலம் ஒட்டாத நேரத்தைத் தரும் 'யூடிசிநவ்' பதிப்பு 3.12 முதல் கைவிடப்பட வேண்டிய பட்டியலில் இருக்கிறது. மண்டலத்தோடு சேர்த்தே நேரத்தைக் கேளுங்கள். மண்டலங்களுக்கான 'ஸோன்இன்ஃபோ' 3.9 முதல் பைத்தானோடு கூடவே வருகிறது.

ஜாவாஸ்கிரிப்ட்: பழைய 'டேட்'டில் மாதங்கள் 0இலிருந்து தொடங்கும். ஆகஸ்ட் என்றால் 7. இதை மாற்றத்தான் 'டெம்போரல்' என்ற புதிய வசதி வருகிறது. அதில் வெறும் தேதிக்குத் தனி வகை உண்டு.

டெஸ்ட் செய்ய வேண்டிய நாட்கள்

தேதிப் பிழைகள் எல்லா நாளும் வெளிவராது. குறிப்பிட்ட சில நாட்களில்தான் தலைகாட்டும். ரிலீஸுக்கு முன் இவற்றை ஓட்டிப் பாருங்கள்.

நள்ளிரவு 12:00, காலை 5:29, காலை 5:30: யூடிசி குழப்பம் இருந்தால் இந்த மூன்றில் ஒன்றில் மாட்டிவிடும்.

மார்ச் 31 இரவும் ஏப்ரல் 1 அதிகாலையும்: நிதியாண்டுக் கணக்குக்கு.

பிப்ரவரி 29: 2012இல் இந்த நாளில் மைக்ரோசாஃப்ட்டின் அஷூர் கிளவுட் சேவை முடங்கியது. ஒரு சான்றிதழின் முடிவுத் தேதியைக் கணக்கிட, ஆண்டோடு 1 கூட்டியதுதான் காரணம். 2013 பிப்ரவரி 29 என்று ஒரு நாளே இல்லை.

டிசம்பர் கடைசி வாரம்: ஜாவா போன்ற மொழிகளில் ஆண்டைக் காட்ட நான்கு சிறிய 'ஒய்' எழுத்துகள் போட வேண்டும். பெரிய 'ஒய்' போட்டால் அது வாரக் கணக்கின் ஆண்டு. 2024 டிசம்பர் 30 அதில் 2025 டிசம்பர் 30 என்று தெரியும். ஆண்டின் பெரும்பாலான நாட்களில் இந்தப் பிழை வெளியே தெரியாது.

கடிகாரம் மாறும் ஞாயிறுகள்: நியூயார்க்கில் மார்ச் இரண்டாம் ஞாயிறு அதிகாலை 2:30 என்ற நேரமே கிடையாது. நவம்பர் முதல் ஞாயிறு அதிகாலை 1:30 இரண்டு முறை வரும். அந்த நாட்களுக்கு 23 மணி நேரமும் 25 மணி நேரமும். எனவே "நாளை இதே நேரம்" என்பதற்கு 24 மணி நேரத்தைக் கூட்டக் கூடாது. 2010 நவம்பர் தொடக்கத்தில், ஐரோப்பாவில் கடிகாரம் பின்னால் போனதும், பலரின் ஐபோன் அலாரம் ஒரு மணி நேரம் தாமதமாக அடித்தது.

2038 ஜனவரி 19, இந்திய நேரம் காலை 8:44:07: விநாடிகளை 32 பிட்டில் எண்ணும் பழைய சிஸ்டம்களில் அதோடு எண் நிரம்பிவிடும். இருபது வருடக் கடனின் கடைசித் தவணையைக் கணக்கிடும் புரோகிராமுக்கு 2038 ஏற்கெனவே வந்தாகிவிட்டது.

இவற்றோடு, டெஸ்ட் போனின் நேர மண்டலத்தை ஒருமுறை லாஸ் ஏஞ்சலிஸுக்கும் ஒருமுறை ஆக்லாந்துக்கும் மாற்றி, பிறந்த தேதிப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஐந்து நிமிட வேலைதான்.

கோடு எழுதாதவர்கள் என்ன செய்யலாம்?

பிராடக்ட், ஆபரேஷன்ஸ், அக்கவுண்ட்ஸ் பக்கம் இருப்பவர்கள் டெவலப்பரிடம் மூன்று கேள்விகள் கேட்கலாம். இந்த ரிப்போர்ட்டில் 'ஒரு நாள்' என்பது எந்த ஊரின் நள்ளிரவில் தொடங்குகிறது? பிறந்த தேதிக் காலத்தில் நேரமும் சேர்ந்து இருக்கிறதா? பயனர் வேறு நாட்டுக்குப் போனால் இந்த நினைவூட்டல் எப்போது அடிக்கும்? மூன்றுக்கும் உடனே பதில் வந்தால் நல்லது. "பார்த்துச் சொல்றேன்" என்று வந்தால், ரிலீஸுக்கு முன்பே பார்க்கச் சொல்லுங்கள்.

பயனராக ஆப்பில் தேதி தப்பாகத் தெரிந்தால், ஸ்கிரீன்ஷாட்டோடு மூன்று விவரங்களைச் சேர்த்துப் புகார் அனுப்புங்கள்: நீங்கள் கொடுத்த தேதி, ஆப் காட்டும் தேதி, உங்கள் போனின் நேர மண்டலம். "தேதி தப்பு" என்று மட்டும் எழுதினால், அவர்கள் போனில் சரியாகத் தெரிகிறது என்று சொல்லி புகாரை மூடிவிடுவார்கள். அந்த மூன்று விவரங்களும் இருந்தால், காணாமல் போன ஐந்தரை மணி நேரம் எங்கே என்று டெவலப்பர் தேடத் தொடங்கலாம்.